எனக்குப் பழசு காணும்

போன ஞாயிற்றுக்கிழமை பெல்சி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். பெல்சி என் அறைத்தோழி, நாகர்கோவில்காரி, நர்ஸ். ட்யூட்டியில் நகச்சாயம் கூடாது என்பதால் விடுமுறை நாளில் பூசி, சாயங்காலத்துக்குள் அழித்துவிடுவாள். யாருக்காக இந்தப் பாடு என்று கேட்டால், "எனக்காகத்தாம்ட்டி" என்பாள். துபாயில், அல் குசைஸில் எங்கள் அறையில் நான்கு கட்டில், ஒரு ஜன்னல். ஏசிக்காக அதையும் சாத்தி வைத்திருப்போம். வாசனை எங்கே போகும்?

"தல வலிக்கா? ஜன்னலத் தொறக்கட்டா?"

"வேணாம், இருக்கட்டும்" என்றேன்.

அந்த நெடிக்குள் நான் சில வருடம் பின்னால் போய், மணலின் நடுவே ஒரு தகரக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே பாண்டி அண்ணன் ஒரு விமானத்தின் இறக்கைக்குத் துணி ஒட்டி, அதன்மேல் தூரிகையால் பூச்சு பூசிக்கொண்டிருந்தார். டோப் என்று அதற்குப் பெயர். காய்ந்ததும் துணி பறை போல விறைத்துக்கொள்ளும். நெடி அப்படியே நகச்சாயம். இதைப் பெல்சியிடம் சொல்லியிருந்தால், "ஒனக்கு ஏரோப்ளேன் கிறுக்கு இன்னும் போகலியா?" என்று கேட்டிருப்பாள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

துணியால் செய்த விமானமா என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். நானும் முதல் நாள் அப்படித்தான் கேட்டேன். அதுவும் நான்கு வருடம் விமானப் பொறியியல் படித்துவிட்டு. எங்கள் பக்கத்தில் அந்தப் படிப்பைப் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் விமானத்தைப் பக்கத்தில் பார்த்தது, வளைகுடாவுக்கு வேலைக்கு வரும்போதுதான். நானும் அந்தக் கணக்கில் வருகிறவள். குடியாத்தம் பக்கம் எங்கள் வீடு. அம்மா தீப்பெட்டி கம்பெனி, அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். இருவரும் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தது என்னைச் சேர்க்கத்தான். கல்லூரியில் சேர்ந்தபோது, இந்தக் குடும்பத்தில் இதற்குமுன் பட்டதாரி யாரும் இல்லை என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஒன்று வாங்கினோம். மற்றவர்கள் கட்டணச் சலுகைக்காக வாங்குவார்கள். அம்மா அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். சலுகைக்காகக் கல்லூரியில் கொடுக்க அதைச் சாமியிடமிருந்து கெஞ்சி வாங்க வேண்டியிருந்தது.

அந்தப் படிப்புக்கு எனக்குக் கிடைத்த முதல் வேலை, சார்ஜாவைத் தாண்டி மணலுக்குள் இருந்த ஒரு சின்னப் பறத்தல் சங்கத்தில் ஆபீஸ் அசிஸ்டென்ட். எஞ்சின் இல்லாத விமானங்களைப் பறக்கவிடும் சங்கம் அது. அந்த விமானத்தைக் கிளைடர் என்பார்கள். ஓடுபாதையின் மறுமுனையில் வின்ச் என்கிற இழுவை இயந்திரம் நிற்கும். அது நீளமான கம்பியைச் சுருட்டி இழுக்க, கிளைடர் பட்டம் போல மேலே ஏறும். உச்சிக்குப் போனதும் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு காற்றுதான் கதி. வெயிலில் காய்ந்த தரையிலிருந்து சூடான காற்று தூண் தூணாக எழும்பும். அந்தத் தூணுக்குள் நுழைந்து வட்டமடித்தால் மேலே போகலாம். நுழையத் தெரியாவிட்டால் ஆறேழு நிமிடத்தில் இறங்கி வந்து டீ குடிக்கலாம். என் வேலை, யார் எத்தனை மணிக்கு ஏறினார், எத்தனை மணிக்கு இறங்கினார் என்று எழுதுவது. ஓடுபாதை ஓரத்தில் ஒரு குடை, ஒரு மேசை, ஒரு கடிகாரம். அப்போதெல்லாம் வார விடுமுறை வெள்ளிக்கிழமைதான். என் அறையில் எல்லோரும் தூங்கி எழுந்து பிரியாணி சமைக்கும் நாளில், நான் மணலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வின்ச் ஓட்டுவது பாண்டி அண்ணன். ராமநாதபுரத்துக்காரர். சங்கத்தின் வேனை ஓட்டுவதும், துணி ஒட்டுவதும், பாம்பு வந்தால் அடிப்பதும் அவர்தான். என்னைக் காலையில் குசைஸிலிருந்து ஏற்றிக்கொண்டு வருவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இன்ஜினியரம்மா, டைம் எழுதியாச்சா? யல்லா, யல்லா." கேலிதான், ஆனால் எனக்குக் கசக்கவில்லை. வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிடவில்லையே.

சங்கத்தில் மூன்று கிளைடர்கள். இரண்டு புதியவை, வெள்ளை வெளேர் என்று, வழுவழுவென்று, மீன் முள் போல மெலிந்த இறக்கை. மூன்றாவது மரமும் துணியும். கண்ணாடி மூடி சரியாகப் பொருந்தாமல் லொடலொடக்கும். உறுப்பினர்கள் அதை ஆங்கிலத்தில் 'அந்த ஸ்லோ' என்றுதான் சொல்வார்கள். அதை யாரும் எடுக்கமாட்டார்கள், தர்ஷினி அக்காவைத் தவிர.

தர்ஷினி அக்கா யாழ்ப்பாணத்துப் பெண். ஜெர்மனியில் வளர்ந்து, நர்ஸிங் படித்து, அங்கேயே ஒரு சிற்றூரில் கிளைடர் ஓட்டக் கற்றுக்கொண்டு, துபாயில் ஒரு மருத்துவமனைக்கு வந்தவர். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டில் யார், எவர் என்று சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அங்கே தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் மூவர்தான். அதிலும் மூன்று தமிழ். பாண்டி அண்ணன் பேசுவது எனக்கு முக்கால்வாசி புரியும், தர்ஷினி அக்கா பேசுவது அரைவாசி. மீதியைச் சிரித்துச் சமாளிப்பேன்.

ஒருநாள் கேட்டேன். "ஏன்க்கா, புதுசு ரெண்டும் சும்மாத்தானே நிக்குது. இந்தக் கட்ட வண்டியவே எதுக்கு எடுக்கறீங்க?"

அக்கா தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டே சொன்னார். "உதுகள் ஓடுறதுக்கு, பிள்ளை. நான் எங்க ஓடுறது? மேல நிக்கத்தானே வாறன்."

"நிக்கறதுக்கா?"

"ஓம். நாள் முழுக்க ஆஸ்பத்திரியில மெஷின் சத்தம். இதுக்குள்ள இருந்தா காத்துச் சத்தம் மட்டும்தான். மூடி லொடலொடக்கிறதில வேகம் எவ்வளவெண்டு காதுக்கே விளங்கும். மீற்றரைப் பாக்கத் தேவையில்லை."

எனக்கு உள்ளுக்குள் பாவமாக இருந்தது. நல்லதை எடுக்கப் பயம் போல என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

குளிர்காலத்தில் எழும்பும் காற்று பலவீனமாக இருக்கும். தூண் என்றேனே, அப்போது அது கம்பு அளவுதான். புதிய கிளைடர்கள் வேகமாகப் போவதற்காகச் செய்யப்பட்டவை. வட்டமடித்தால் பெரிய வட்டம்தான் வரும், பாதி வட்டம் காற்றுக்கு வெளியே போய்விடும். கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுவார்கள். இல்லையென்றால் மலைப் பக்கம் நீளமாகப் பறந்து, கண்ணை விட்டு மறைந்து, எங்காவது ஒட்டகங்களுக்கு நடுவே இறங்கி, பாண்டி அண்ணன் வண்டியோடு போய் எடுத்து வர வேண்டியிருக்கும். "ஸ்பீடு, ஸ்பீடுன்னு போறாய்ங்க, கடைசில நம்ம வேன்லதேன் திரும்பி வாராய்ங்க" என்பார்.

தர்ஷினி அக்கா எங்கேயும் போகமாட்டார். என் தலைக்கு மேலேயே சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டிருப்பார். ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம். மணலில் என் குடை, வானத்தில் அந்தப் பழுப்பு இறக்கை. நடுவில் வேறு எதுவும் இல்லை. வளைகுடாவுக்கு வந்து இரண்டு வருடத்தில், நான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்காவது தெரிந்த மணி நேரங்கள் அவைதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படியெல்லாம் தோன்றவில்லை. கழுத்து வலித்தது, அவ்வளவுதான்.

கொட்டகை வாடகை ஏறியதும் சங்கத்துக்கு நெருக்கடி வந்தது. மூன்று கிளைடரில் ஒன்றைக் குறைத்தால்தான் சின்னக் கொட்டகைக்கு மாற முடியும். செயலாளர் ஓர் ஐரோப்பியர், நல்ல மனிதர். என்னை அழைத்து, மூன்றையும் ஒப்பிட்டு ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார். "நீ இன்ஜினியர்தானே" என்றார். அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு மண்டைக்குள் மணி அடித்தது. வந்த நாளிலிருந்து டீக்குப் பால் பவுடர் வாங்குவதும், கையெழுத்து வாங்குவதுமாக இருந்தவளிடம், முதல்முறையாக ஒருவர் கேலி இல்லாமல் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார். எந்தக் கிளைடர் இருக்கும், எது போகும் என்பது என் ஒரு தாளில் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை இதுவரை பெல்சியிடம்கூடச் சொன்னதில்லை. ஒன்பதாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், கணக்கு டீச்சர் ஒரு பட்டியல் வாசித்தார்கள். மெல்லக் கற்போர். என் பெயர் நான்காவதாக வந்தது. மற்ற பிள்ளைகள் நாலரை மணிக்கு வீட்டுக்குப் போக, நாங்கள் பதினோரு பேர் உட்கார்ந்து ஒல்லியான தனிப் புத்தகம் ஒன்றைப் படித்தோம். பரிவாகத்தான் வைத்த பெயர். டீச்சரும் பரிவானவர்தான். ஆனால் வராந்தாவில் போகிற பிள்ளைகள் "ஸ்லோ கேசுங்க" என்று ஜன்னல் வழியே சொல்லிவிட்டு ஓடும். அந்த வகுப்பிலிருந்து சீக்கிரம் வெளியே வர ஒரே வழிதான் உண்டு என்று நான் கண்டுபிடித்தேன். புரியவில்லை என்று சொல்லக் கூடாது. தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மனப்பாடம் செய்துவிட வேண்டும். இரண்டே மாதத்தில் பட்டியலிலிருந்து என் பெயர் போய்விட்டது. அந்தப் பழக்கம் போகவில்லை.

ஆகவே அந்தத் தாளை நான் எப்படி எழுதியிருப்பேன் என்று நீங்களே யூகிக்கலாம். மணிக்கு எவ்வளவு வேகம், ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து எவ்வளவு தூரம் போகும், ஆண்டில் எத்தனை நாள் பழுதுபார்ப்பு. எல்லாவற்றிலும் பழையது கடைசி. அதன் வரிசைக்குச் சிவப்பு வண்ணம் கொடுத்தேன். அழகாக இருந்தது.

உறுப்பினர்களின் விருப்பத்தையும் கேட்டு ஒரு வரி எழுத வேண்டும் என்றார் செயலாளர். எல்லோரையும் கேட்டேன். தர்ஷினி அக்கா அன்று ட்யூட்டியில் இருந்தார். போன் எடுத்தபோது பின்னால் ஏதோ கருவி விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, மூணுல ரெண்டுதான் இருக்கப் போகுது. உங்களுக்கு எப்படி?"

"எனக்குப் பழசு காணும், பிள்ளை" என்றார். "பேந்து கதைக்கிறன்." வைத்துவிட்டார்.

எங்கள் ஊரில் பேனா தொலைந்தால் "பேனா காணும்" என்போம். பழசு காணும் என்றால்? பழசு போனால் போகட்டும், என் கண்ணுக்கு அது ஏற்கெனவே காணாமல் போன மாதிரிதான் என்கிறாரோ? ஒரு நிமிடம் யோசித்தேன். திரும்பக் கூப்பிட்டு, "என்னக்கா சொன்னீங்க, புரியல" என்று கேட்க ஐந்து விநாடி ஆகியிருக்கும். நான் கேட்கவில்லை. என் தாளுக்குப் பொருந்துகிற அர்த்தம் கையில் இருந்தது. 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அறிவிப்புப் பலகையில் முடிவு ஒட்டியிருந்தது. என் தாளையும் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள், கீழே என் பெயரோடு. நான் அதைப் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, சிவப்பு வரி அழகாக இருக்கிறது என்றாள்.

தர்ஷினி அக்கா பலகை முன் வெகுநேரம் நின்றார். பிறகு என் குடைக்கு வந்தார்.

"நான் ஆட்சேபணை இல்லையெண்டு எப்ப சொன்னனான்?"

"நீங்கதானேக்கா சொன்னீங்க. பழசு காணும்னு."

"ஓம். காணும் எண்டுதானே சொன்னனான்!"

அதே சொல்லைத்தான் நானும் சொல்லியிருந்தேன். இருவர் சொன்னதும் சரி. கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு போன பாண்டி அண்ணன்தான் நின்றார்.

"இன்ஜினியரம்மா, அவுக ஊருல காணும்னா போதும்னு அர்த்தம். எங்க கேம்ப் ரூம்ல மட்டக்களப்புக்காரன் ஒருத்தன் இருந்தான். சோறு போடப் போட 'காணும், காணும்'பான். நான் எதக் காணும்னு தேடித் தேடி, அவன் தட்டு நெறஞ்சு வழிஞ்சு போச்சு."

அவர் சிரித்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு போய்விட்டார்.

எனக்குப் பழசு போதும். அக்கா சொன்னது இவ்வளவுதான்.

"விளங்கேல்லையெண்டா கேட்டிருக்கலாமே, பிள்ளை" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று பழையதை எடுத்துக்கொண்டு ஏறினார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் என் தலைக்கு மேலே சுற்றினார். அன்று இரண்டு புதிய கிளைடர்களும் ஏறிய கால்மணிக்குள் இறங்கிவிட்டன. நேரம் எழுதிக்கொண்டே வந்தபோது கை நின்றது.

பழைய பதிவேடுகளை எல்லாம் எடுத்து ஒரு வாரம் உட்கார்ந்து கூட்டினேன். வேகத்தை அல்ல, ஒரு முறை ஏறினால் எவ்வளவு நேரம் மேலே இருந்தது என்பதை. மெதுவாகப் போவதால் சின்ன வட்டம், சின்ன வட்டமாக இருப்பதால் பலவீனமான காற்றும் போதும், காற்று போதுவதால் கீழே வர அவசரம் இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் வட்டம் நான்கு மடங்காகும் என்ற சூத்திரத்தை நானே பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். குளிர்காலம் முழுவதும் பழையதுதான் முதலில் இருந்தது. எல்லாம் என் கையெழுத்தில், என் மேசையிலேயே இருந்த எண்கள்.

புதுத் தாள் எழுதினேன். அதில் வண்ணம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையே எழுதி முடித்துவிட்டேன். செயலாளர் மேசை என் மேசையிலிருந்து பத்தடி. இதைக் கொடுத்தால் முதல் தாள் தப்பு என்று நானே சொல்ல வேண்டும், அந்தப் போன் பேச்சையும் சொல்ல வேண்டும். இன்ஜினியர்தானே என்றாரே, அந்த மனிதரிடம். திங்கட்கிழமை இழுப்பறையில் வைத்தேன். செவ்வாய்க்கிழமை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தேன். புதன்கிழமை காலை வேன் உள்ளே திரும்பும்போது, எதிரே ஒரு நீளமான லாரி வெளியே வந்துகொண்டிருந்தது. இறக்கைகளைத் தனியாகக் கழற்றிப் போர்வை சுற்றிக் கட்டியிருந்தார்கள். பாண்டி அண்ணன் வேனை ஓரம் கட்டி வழி விட்டார். "கலாஸ்" என்றார், மெதுவாக. அரபியில் முடிந்தது என்று அர்த்தம். ஒரு புது ரெஸ்டாரண்டின் கூரையில் அலங்காரத்துக்குத் தொங்கவிடப் போகிறார்களாம்.

அன்றே தாளைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். செயலாளர் பொறுமையாகப் படித்தார். "அருமையான வேலை. போன வாரம் தந்திருக்கலாமே" என்றார்.

தர்ஷினி அக்கா அதற்குப் பிறகு இரண்டு வெள்ளிக்கிழமை வந்தார். புதிய கிளைடரில் ஏறினார். இரண்டாவது முறை மலைப் பக்கம் போய்க் கண்ணை விட்டு மறைந்தார். நான் குடையை விட்டு வெளியே வந்து, வெயிலில் கையைப் புருவத்தில் வைத்துத் தேடினேன். வானம் சுத்தமாக இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து, வந்த சத்தமே இல்லாமல் வந்து இறங்கினார்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"நல்ல வண்டி" என்றார். "ஆனா நான் ஓட்டுற மாதிரி இல்லை, பிள்ளை. அது என்னைக் கொண்டுபோகுது."

என் முழங்கையை லேசாகத் தொட்டுவிட்டுக் காருக்குப் போனார். பிறகு வரவில்லை. நான் அனுப்பிய நீளமான மன்னிப்புச் செய்திக்கு ஒரு பூப் படம் அனுப்பினார். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்ப ஜெர்மனிக்குப் போய்விட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

சின்னக் கொட்டகைக்கு மாறியும் சங்கம் நிலைக்கவில்லை. நிலத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பாண்டி அண்ணனுக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது, அப்பாசியாவில் இருக்கிறார். எப்போதாவது பேசுவார். "இன்ஜினியரம்மா, அந்த ரெஸ்டாரண்ட்டுக்குப் போனியளா? அடியில உக்காந்து பிரியாணி திங்கிறாய்ங்களாம்ல." நான் போகவில்லை. இப்போது எனக்கு நல்ல வேலை, மேசையில் பெயர்ப் பலகை, அதில் இன்ஜினியர் என்றே போட்டிருக்கிறது. கூட்டங்களில் புரியாததைப் புரியவில்லை என்று கேட்டுவிடுகிறேன். கேட்டதும் அறையில் ஒரு விநாடி அமைதி வரும். பழகிவிட்டது.

போன மாதம் வேலை விஷயமாக அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. ஓடுபாதை இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. வரிசை வரிசையாகக் கிடங்குகள், எல்லாவற்றுக்கும் தகரக் கூரை. டாக்ஸியை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றேன். உச்சிவெயில். தகரத்துக்கு மேலே காற்று நெளிந்துகொண்டிருந்தது. மணலைவிடத் தகரம் சீக்கிரம் சூடாகும். அங்கிருந்து எழும்புவது கம்பு இல்லை, நல்ல தூண். குளிர்காலத்தில்கூட ஒருவர் மணிக்கணக்கில் நிற்கலாம்.

அண்ணாந்து பார்த்தேன். டாக்ஸிக்காரர் பட்டாணியர். அவரும் இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தார்.

"க்யா ஹை, பெஹன்?" என்றார். என்ன அங்கே, தங்கச்சி என்று.

"குச் நஹி, பாய்" என்றேன். ஒன்றுமில்லை, அண்ணா.